மன்ஹாட்டனில் ஒரு படுக்கையறை ‘ப்ரீ-வார்’ கோ-ஆப் வாங்குவது எப்படி?

நியூயார்க்கின் அப்பர் ஈஸ்ட் சைடு பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் படும். ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே அளவு. காண்டோ (வீடு நேராக உங்கள் பெயருக்கே கிரயமாகும் அடுக்ககம்) என்றால் ஒரு விலை, கோ-ஆப் (கட்டடக் கம்பெனியின் பங்குகளாக வாங்கும் வீடு) என்றால் அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலை. இந்தக் குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் வாங்கும் முறைதான். கோ-ஆப் கட்டடத்தின் போர்டு (பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு) உங்கள் சம்பளம், வரிக் கணக்கு, வங்கி இருப்பு எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கும், கூப்பிட்டு வைத்துப் பேசும், அதன் பிறகே சம்மதம் சொல்லும். சொல்லாமலும் போகும். எனவே வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே கணக்கும் காகிதமும் தயாராக இருக்க வேண்டும்.

கார்னகி ஹில் போன்ற அமைதியான, வசதியுள்ள பேட்டையை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கிழக்கு 86ஆம் தெருவுக்கும் 96ஆம் தெருவுக்கும் நடுவே, சென்ட்ரல் பார்க்கை ஒட்டி இருக்கும் பகுதி அது. பீக்மன் பிளேஸ், சட்டன் பிளேஸ், புரூக்ளின் ஹைட்ஸ் பக்கமும் நடைமுறை கிட்டத்தட்ட இதேதான். தரகர்கள் ‘ப்ரீ-வார்’ என்று சொல்வது இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கட்டியவற்றை.

1. எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கோ-ஆப்பில் வீடு உங்கள் பெயருக்குக் கிரயம் ஆகாது. கட்டடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனியின் பங்குகளில் சிலவற்றை வாங்குகிறீர்கள். அந்தப் பங்குகளோடு ‘புரொப்ரைட்டரி லீஸ்’ என்ற நீண்டகாலக் குத்தகை வருகிறது. அந்தக் குத்தகைதான் குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது.

இதனால் நடைமுறையில் சில விளைவுகள் உண்டு. காண்டோ வாங்கக் கடன் எடுத்தால் 500,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள கடனுக்கு 1.925 சதவீதம் அடமானப் பதிவு வரி கட்ட வேண்டும். கோ-ஆப்புக்கு அது கிடையாது. 595,000 டாலர் கடனுக்கு இது மட்டுமே ஏறக்குறைய 11,450 டாலர் மிச்சம். மறுபக்கம், வாடகைக்கு விட, சுவரை இடிக்க, விற்க, எல்லாவற்றுக்கும் போர்டின் அனுமதி வேண்டும். இரண்டு வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வரலாம் என்ற நிலையில் இருப்பவர்கள் கோ-ஆப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. பல கட்டடங்களில் முதல் ஓரிரு வருடம் வாடகைக்கு விடவே முடியாது. அதன் பிறகும் ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் என்பது போன்ற உச்சவரம்பு இருக்கும்.

மாதாமாதம் கட்டும் ‘மெயின்டனன்ஸ்’ தொகையில் சொத்து வரி, கட்டடத்தின் மேலுள்ள கடனுக்கான தவணை, வெந்நீர், வெப்பம், வாசல்காரர் உள்ளிட்ட ஊழியர் சம்பளம் எல்லாம் அடக்கம். காண்டோவின் மாதக் கட்டணத்தோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். அங்கே சொத்து வரி தனி.

2. போர்டின் கண்ணால் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வங்கி கடன் தரச் சம்மதித்துவிட்டது என்பதால் போர்டும் சம்மதிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வங்கியின் கணக்கு தாராளமானது. போர்டு பார்ப்பது மூன்று எண்கள்.

முதலாவது முன்பணம். குறைந்தது 20 முதல் 25 சதவீதம் பெரும்பாலான இடங்களில் உண்டு. இந்தப் பேட்டையில் 30, 35, 50 சதவீதம் கேட்கும் கட்டடங்கள் சாதாரணம். ஐந்தாம் அவென்யூ, பார்க் அவென்யூ மேலுள்ள சில கட்டடங்கள் கடனையே அனுமதிப்பதில்லை.

இரண்டாவது, மாதச் செலவுக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதம். கடன் தவணை, மெயின்டனன்ஸ், கார் கடன், படிப்புக் கடன், கிரெடிட் கார்டு குறைந்தபட்சத் தொகை அனைத்தையும் கூட்டி, வரிக்கு முந்தைய மாத வருமானத்தால் வகுக்க வேண்டும். 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். போனஸைப் போர்டு இரண்டு மூன்று வருடச் சராசரியாகவே எடுக்கும். இந்த வருடம் மட்டும் வந்த பெரிய தொகையைக் கணக்கில் சேர்க்காது.

மூன்றாவதுதான் பலரைக் கவிழ்ப்பது: வாங்கி முடித்த பிறகு கையில் மிஞ்சும் ரொக்கம். தவணையும் மெயின்டனன்ஸும் சேர்ந்து குறைந்தது ஒரு வருடத்துக்கு, இந்தப் பேட்டையில் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு, உடனே எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். விலை 850,000 டாலர், முன்பணம் 30 சதவீதம், அதாவது 255,000. கடன் 595,000, கணக்குக்காக 6.5 சதவீத வட்டி, 30 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 3,760. மெயின்டனன்ஸ் 2,400. மாதம் 6,160 ஆகிறது. வேறு கடனே இல்லை என்றாலும் 28 சதவீத விகிதத்துக்கு ஆண்டு வருமானம் ஏறக்குறைய 264,000 டாலர் வேண்டும். இரண்டு வருட இருப்பு என்றால் சுமார் 148,000. முன்பணம், இந்த இருப்பு, குளோசிங் (வீடு கைமாறும் நாள்) செலவுக்கு 10,000 முதல் 15,000 எல்லாம் சேர்த்தால் 413,000 முதல் 418,000 டாலர் கணக்கில் தெரிய வேண்டும். இந்தத் தொகை இல்லாமல் 850,000 டாலர் வீட்டைப் பார்க்கப் போவது வீண் அலைச்சல்.

எது ‘ரொக்கம்’ என்பதிலும் சிக்கல் உண்டு. சேமிப்புக் கணக்கு, பங்குகள், கைக்கு வந்துவிட்ட கம்பெனிப் பங்குகள் செல்லும். இன்னும் கைக்கு வராத கம்பெனிப் பங்குகள் செல்லாது. 401(கே) போன்ற ஓய்வுக்கால நிதியைச் சில போர்டுகள் பாதி மதிப்பில் எடுக்கும், சில போர்டுகள் தொடவே தொடாது. ஊரில் உள்ள வீடு, மனை, நகை சொத்துப் பட்டியலில் ஏறலாம், ரொக்கமாக எண்ணப்படாது.

3. இந்தியப் பணமும் இந்தியப் பெயரும்

இதற்குத் தனியாக ஒரு படி ஒதுக்கக் காரணம், இதைக் கடைசி நேரத்தில் சரி செய்ய முடியாது என்பதே.

ஊரில் உள்ள வைப்பு நிதியைக் காட்டப் போகிறீர்கள் என்றால், அது உங்கள் அமெரிக்க வரிக் கணக்கிலும் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் ‘எஃப்பார்’ எனும் வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை கட்டாயம். வரிக் கணக்கின் ‘ஷெட்யூல் பி’யில் வெளிநாட்டுக் கணக்கு உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று குறித்துவிட்டு, போர்டுக்குக் கொடுக்கும் சொத்துப் பட்டியலில் சென்னை வங்கியின் இருப்பைக் காட்டினால், இரண்டு காகிதமும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். படிக்கிறவர்களில் ஒருவராவது கணக்காளராக இருப்பார். விடுபட்டிருந்தால் முதலில் சிபிஏ-யை (உரிமம் பெற்ற கணக்காளர்) பார்த்துச் சரிசெய்யுங்கள். இந்திய மியூச்சுவல் ஃபண்டு இருந்தால் அது தனித் தலைவலி. அதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பணத்தைக் கொண்டுவருவதாக இருந்தால் குறைந்தது மூன்று மாதம் முன்னதாக ஆரம்பியுங்கள். என்ஆர்இ கணக்கிலிருந்து (வெளிநாட்டு வருமானத்துக்கானது) வருவது எளிது. என்ஆர்ஓ கணக்கிலிருந்து (இந்திய வருமானத்துக்கானது) ஒரு நிதியாண்டில் ஒரு மில்லியன் டாலர் வரை அனுப்பலாம்; ஆடிட்டர் சான்று தேவைப்படும். இந்தியாவில் வசிக்கும் பெற்றோர் அனுப்பினால் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 250,000 டாலர் உச்சவரம்பு. அவர்கள் தரும் அன்பளிப்பு வருடத்துக்கு 100,000 டாலரைத் தாண்டினால் நீங்கள் வரித் துறைக்கு 3520 படிவம் கொடுக்க வேண்டும். வரி கிடையாது, ஆனால் படிவத்தை மறந்தால் அபராதம் கடுமை. இன்னொன்று: முன்பணத்துக்கு அன்பளிப்பையே ஏற்காத கட்டடங்கள் உண்டு. இதை வீடு பார்க்கும்போதே தரகரிடம் கேட்டுவிடுங்கள்.

பெயர் விஷயம் சின்னதாகத் தோன்றும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, வங்கியில் இனிஷியலோடு, சம்பளச் சீட்டில் முன்பின் மாறி என்று இருந்தால் கிரெடிட் ரிப்போர்ட்டும் கோர்ட் தேடலும் இரண்டு ஆட்களைக் காட்டும். எல்லா வடிவங்களும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை வழக்கறிஞர் தயாரித்துத் தருவார். பங்குச் சான்றிதழில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே முடிவு செய்து, கடன் விண்ணப்பத்திலும் எழுத்து மாறாமல் அதையே எழுதுங்கள்.

4. வழக்கறிஞர், கடன் அதிகாரி, தரகர்

நியூயார்க்கில் ஒப்பந்தத்தை வழக்கறிஞர்தான் பார்ப்பார். கோ-ஆப்பே அன்றாட வேலையாகச் செய்கிறவராக இருக்க வேண்டும். வீட்டு விற்பனை, விசா, விவாகரத்து எல்லாம் பார்க்கிறவர் வேண்டாம். கட்டணம் பொதுவாக 2,500 முதல் 4,500 டாலர், மொத்தத் தொகையாக. கடன் தருபவரும் கோ-ஆப் கடன் வழக்கமாகத் தருகிறவரா என்று கேளுங்கள். நாட்டின் வேறு மூலையில் இருக்கும் ஆன்லைன் நிறுவனங்கள் பலவற்றுக்கு இந்தக் கடனே கிடையாது. தரகரிடம் அவருடைய கமிஷனை யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. வீட்டைப் பார்க்கும்போது

உயர்ந்த கூரை, பட்டை பட்டையாகப் பதித்த மரத்தரை, கெட்டியான சுவர், குளியலறையிலும் ஜன்னல் எனப் பழைய கட்டடத்தில் மயங்குவதற்கு நிறைய இருக்கிறது. மயங்குங்கள், ஆனால் பின்வருவனவற்றையும் பாருங்கள்.

மின்சாரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். திருகிப் பொருத்தும் பழைய ஃபியூஸ்கள் இரண்டு மூன்று மட்டும் இருந்தால் வீட்டுக்கு 30 முதல் 60 ஆம்பியர்தான் வருகிறது என்று பொருள். கோடையில் இரண்டு ஜன்னல் ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடாது. இதைக் கூட்டுவது உங்கள் கையில் மட்டும் இல்லை; அடித்தளத்திலிருந்து மேலே வரும் கேபிளில் இடம் இருக்க வேண்டும்.

சமையலறையில் புகை எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலான பழைய வீடுகளில் அடுப்பின் மேலுள்ள விசிறி காற்றை வடிகட்டி அதே அறைக்குள் திருப்பி விடுவதுதான்; வெளிச்சுவரைத் துளைக்கப் போர்டு விடாது. ஜன்னல் உள்ள சமையலறை நம் தாளிப்புக்கு அவசியம் என்றே சொல்லலாம். எரிவாயு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழைய குழாயில் கசிவு கண்டால் கட்டடம் முழுவதற்கும் இணைப்பைத் துண்டிப்பார்கள், திரும்ப வர மாதக்கணக்காகும்.

குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து அழுத்தத்தைப் பாருங்கள். நீராவி ரேடியேட்டரின் வால்வு திருகினால் சுழல்கிறதா, பெயின்ட் பூசி ஒட்டிப்போயிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் குளிரைவிட அதிக வெப்பமே இந்த வீடுகளில் தொல்லை.

பக்கவாட்டு ஜன்னல் பக்கத்து மனையின் எல்லையில் இருந்தால், அங்கே கட்டடம் எழும்போது அதை அடைத்துவிட நேரும். ‘லாட் லைன்’ ஜன்னலா என்று கேளுங்கள். உள்முற்றம் பார்த்த வீடு அமைதியாக இருக்கும், வெளிச்சம் குறையும். மழை நாளில் பிற்பகலில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சதுர அடியை நம்பாதீர்கள். கோ-ஆப் ஆவணங்களில் பெரும்பாலும் அதிகாரப்பூர்வ அளவே இருக்காது. விளம்பரத்தில் 750 என்று இருப்பது தரகரின் மதிப்பீடு. டேப் கொண்டுபோய் அறைகளை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

துணி துவைக்கும் இயந்திரத்தை வீட்டுக்குள் வைக்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். பழைய கழிவுக் குழாய்கள் தாங்காது என்பதால் பல இடங்களில் தடை, அடித்தளத்தில் பொது இயந்திரம்தான்.

6. விலை கேட்பது

கட்டடத்தில் வீடுகள் அடுக்கடுக்காக ஒரே எழுத்தில் வரும்: 4சி, 5சி, 6சி. ஒரே அடுக்கில் உள்ளவை அமைப்பில் ஒன்றுபோல் இருக்கும். அண்மையில் அதே அடுக்கில் விற்ற விலையை நகரத்தின் ‘ஏக்ரிஸ்’ பதிவேட்டில் இலவசமாகவே பார்க்கலாம். அதுதான் சரியான ஒப்பீடு.

ஒரு மில்லியன் டாலர் கோட்டைக் கவனியுங்கள். விலை சரியாக 1,000,000 ஆனாலே ‘மேன்ஷன் டாக்ஸ்’ 1 சதவீதம், முழு விலைக்கும், வாங்குபவர் தலையில். 999,000 என்றால் சுழியம். 1,000,000 என்றால் 10,000 டாலர். ஒரு படுக்கையறைக்குப் பெயர் மாளிகை வரி!

விற்பவர் கட்டடத்துக்குக் கட்டும் ‘ஃப்ளிப் டாக்ஸ்’ பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம். சில கட்டடங்களில் இது வாங்குபவர் மேல் விழும். விலை பேசும் முன் யார் கட்டுவது என்று உறுதி செய்யுங்கள்.

ரொம்ப மலிவாக முடித்துவிட்டோம் என்றும் மகிழ முடியாது. மற்ற வீடுகளின் மதிப்பு விழும் என்பதற்காகவே போர்டு குறைந்த விலை விற்பனையை மறுப்பதுண்டு. வாய்மொழியாகவோ மின்னஞ்சலிலோ விலை ஒப்புக்கொள்ளப்பட்டாலும், இரு தரப்பும் கையெழுத்திடும் வரை யாரையும் அது கட்டுப்படுத்தாது. விற்பவர் அதற்குள் வேறொருவருக்குத் தரலாம். எனவே அடுத்த படியை வேகமாக முடியுங்கள்.

7. கட்டடத்தின் கணக்கைப் படிக்கவையுங்கள்

இந்தப் படியில் ஒரு வாரம் போகும், போகட்டும். வழக்கறிஞர் படிக்க வேண்டியவை: கடந்த இரண்டு வருடத் தணிக்கை அறிக்கை, போர்டு கூட்டக் குறிப்புகள், ‘ஆஃபரிங் பிளான்’ என்ற ஆரம்ப ஆவணமும் அதன் திருத்தங்களும், புரொப்ரைட்டரி லீஸ், வீட்டு விதிகள். கூட்டக் குறிப்பை மேனேஜ்மென்ட் அலுவலகத்திலோ ஆன்லைனிலோதான் படிக்க விடுவார்கள். அதற்கும் கட்டணம் கேட்பார்கள்.

முதலில் கட்டடத்தின் மேலுள்ள கடன். எவ்வளவு, என்ன வட்டி, எப்போது முதிர்கிறது? 6 மில்லியன் டாலர் கடன், 3.5 சதவீதத்தில் வட்டி மட்டும் கட்டிவருகிறார்கள் என்று வையுங்கள். அது அடுத்த வருடம் முதிர்ந்து 6.5 சதவீதத்தில் புதுப்பித்தால் ஆண்டு வட்டி 210,000 டாலரிலிருந்து 390,000 ஆகும். கட்டடத்தில் மொத்தம் 10,000 பங்கு, உங்கள் வீட்டுக்கு 250 பங்கு என்றால் உங்கள் மெயின்டனன்ஸ் மாதம் 375 டாலர் கூடும். இது விளம்பரத்தில் வராது, தரகரும் சொல்லமாட்டார்.

அடுத்து வரப்போகும் பெரிய செலவுகள். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் நகர விதிப்படி பரிசோதிக்க வேண்டும். பழைய செங்கல், கல் அலங்காரம் உள்ள முகப்பில் ஏதாவது ஒரு பழுது வந்தே தீரும். நடைபாதை மேல் மரக் கூரை போட்டிருந்தால் வேலை நடக்கிறது அல்லது நிலுவையில் கிடக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்று குறிப்பில் தேடுங்கள். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு ‘லோக்கல் லா 97’ உண்டு. 2024இல் தொடங்கிய கார்பன் வரம்பு 2030இல் இறுகும். தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். பழைய கொதிகலன் உள்ள கட்டடம் இதற்கு என்ன திட்டம் வைத்திருக்கிறது?

சேமிப்பு நிதி, நிலுவையில் உள்ள ‘அசெஸ்மென்ட்’ எனும் கூடுதல் வசூல், வழக்குகள், மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவர்கள், ஆரம்ப உரிமையாளரின் கையில் இன்னும் எத்தனை வீடு இருக்கிறது என்பதெல்லாம் அடுத்தடுத்து. நிலம் கட்டடத்துக்கே சொந்தமா, குத்தகையா? குத்தகை நிலம் என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் புதிதாக வருகிறவர்கள் விலகிவிடுங்கள். குத்தகையைப் புதுப்பிக்கும்போது வாடகை பல மடங்காகலாம்.

நகரம் தரும் வரிச் சலுகை ஒன்றையும் கவனியுங்கள். குடியிருப்பவர்களுக்கான கோ-ஆப் சொத்து வரிக் கழிவை நகரம் கட்டடத்துக்கே தருகிறது. பல போர்டுகள் அதே தொகைக்கு ஒரு கூடுதல் வசூலைப் போட்டு, கழிவை நிதியில் சேர்த்துக்கொள்ளும். ஆக, ‘கழிவு வரும், மெயின்டனன்ஸ் குறையும்’ என்று தரகர் சொன்னால் கடந்த வருடம் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

8. ஒப்பந்தமும் 10 சதவீதமும்

கையெழுத்திடும்போது விலையில் 10 சதவீதம் கொடுப்பீர்கள். அது விற்பவருடைய வழக்கறிஞரின் எஸ்குரோ கணக்கில் (விற்பனை முடியும் வரை பொறுப்பாக வைத்திருக்கும் கணக்கு) இருக்கும். போர்டு மறுத்தால் திரும்பி வரும். நீங்கள் தவறான தகவல் கொடுத்ததாலோ, காகிதங்களை நேரத்தில் கொடுக்காததாலோ மறுத்தார்கள் என்றால் இழக்க நேரும்.

கடன் கிடைக்காவிட்டால் விலகும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வழக்கமாக 30 நாள். வங்கி உங்களை ஏற்று, கட்டடத்தை ஏற்காத நிலைமையும், மதிப்பீடு விலையைவிடக் குறைந்து வரும் நிலைமையும் அதில் அடங்குமா என்று வழக்கறிஞரிடம் தெளிவாகக் கேளுங்கள். பணம் அனுப்பும் கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் போன் செய்து சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள்.

1978க்கு முந்தைய கட்டடம் என்பதால் ஈயப் பெயின்ட் பற்றிய அறிவிப்பும் ஒப்பந்தத்தோடு வரும். சின்னக் குழந்தை இருந்தால் பரிசோதனை செய்துகொள்ளும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

9. கடன்

ஒப்பந்தம் முடிந்த அன்றே விண்ணப்பியுங்கள். உறுதிக் கடிதம் வர 30 முதல் 45 நாள். வங்கி, கட்டடம், நீங்கள் மூவரும் கையெழுத்திடும் ‘ரெகக்னிஷன் அக்ரிமென்ட்’ அசல் பிரதிகளாகப் போர்டு பேக்கேஜில் (போர்டுக்குத் தரும் விண்ணப்பக் கோப்பு) போக வேண்டும். இது தாமதமாவதால் முழுக் கோப்பும் நிற்பது அடிக்கடி நடப்பது. வட்டி விகிதத்தை 60 நாளுக்குப் பூட்டினால் போதாது, போர்டு இழுத்தடிக்கும். 90 நாளுக்கு என்ன விலை, நீட்டிக்க என்ன கட்டணம் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

10. போர்டு பேக்கேஜ்

நூறு, நூற்றைம்பது பக்கம் ஆவது சாதாரணம். பட்டியல் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். பெரும்பாலும் இவை: விண்ணப்பம், ‘ரெப்னி’ (நியூயார்க் ரியல் எஸ்டேட் சங்கம்) சொத்துக் கணக்குப் படிவம், இரண்டு மூன்று வருட வரிக் கணக்கு முழுமையாக, இரண்டு மூன்று மாத வங்கி அறிக்கை, சமீபத்திய சம்பளச் சீட்டுகள், வேலைச் சான்று, கடன் விண்ணப்பமும் உறுதிக் கடிதமும், தற்போதைய வீட்டு உரிமையாளரின் கடிதம், தனிப்பட்ட முறையில் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேரின் கடிதம், தொழில்முறைக் கடிதம் இரண்டு.

கவனிக்க வேண்டிய இடங்கள். வங்கி அறிக்கையில் எல்லாப் பக்கமும் வேண்டும், ‘இந்தப் பக்கம் காலி’ என்று அச்சிட்ட பக்கம் உட்பட. சமூகப் பாதுகாப்பு எண்ணை முழுதாக மறையுங்கள். கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியட்டும். சொத்துப் படிவத்தில் எழுதும் ஒவ்வொரு தொகைக்கும் ஓர் அறிக்கை பின்னால் இருக்க வேண்டும். டாலர் கணக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். திடீரென்று வந்த பெரிய தொகைக்கு ஒரு வரி விளக்கமும் ஆதாரமும் வையுங்கள். இந்திய அறிக்கைகளுக்குப் பக்கத்தில் எந்த நாள் மாற்று விகிதத்தில் டாலர் ஆக்கினீர்கள் என்று குறியுங்கள்.

வேலைச் சான்றில் பதவி, சேர்ந்த தேதி, அடிப்படைச் சம்பளம், போனஸ் எல்லாம் தேவை. ‘இவர் எங்களிடம் பணிபுரிகிறார்’ என்ற இரண்டு வரிக் கடிதம் உதவாது; மனிதவளத் துறையிடம் இதை வாங்க இரண்டு வாரமாகும், எனவே முதல் வேலையாகக் கேளுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதும் நண்பர்கள் எத்தனை வருடப் பழக்கம், எப்படிப்பட்ட அண்டைவீட்டார் என்று எழுதட்டும். ‘வார இறுதிகளில் அவர் வீட்டு விருந்துகள் அமர்க்களமாக இருக்கும்’ என்ற வரி உங்களுக்குப் பாராட்டு, போர்டுக்கு எச்சரிக்கை. கடிதங்களைக் கோப்பில் சேர்க்கும் முன் படித்துவிடுங்கள்.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் விசா ஒப்புதல், கிரீன் கார்டு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒரு சிறு கடிதமாக வைக்கலாம். குடியேற்ற நிலை, பிறந்த நாடு, மதம், இனம், குழந்தைகள் இருப்பது ஆகியவற்றை வைத்து மறுப்பது நகர மனித உரிமைச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆனால் போர்டுகள் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை. அதனால் நிரூபிப்பது கடினம். பணக் கணக்கில் சாக்குச் சொல்ல இடம் வைக்காத கோப்புதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம்.

சமர்ப்பித்த பிறகு மேனேஜ்மென்ட் அலுவலகம் சரிபார்க்க ஒன்றிரண்டு வாரம், போர்டு படிக்க இரண்டு முதல் நான்கு வாரம். ஆகஸ்டில் பல போர்டுகள் கூடுவதில்லை. டிசம்பர் கடைசியிலும் அப்படியே. ஜூலை நடுவில் கோப்பு போய்ச் சேர்ந்தால் செப்டம்பர் வரை காத்திருக்க மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம் பல நூறு டாலர், திரும்ப வராது.

11. நேர்காணல்

கூப்பிட்டார்கள் என்றால் கணக்கு பெரும்பாலும் தேறிவிட்டது. இருபது முப்பது நிமிடம், நேரிலோ வீடியோவிலோ. கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். உங்கள் கோப்பை முந்தின நாள் நீங்களே ஒருமுறை படியுங்கள். தம்பதியர் என்றால் இருவருக்கும் எண்கள் தெரிந்திருக்கட்டும். சமையலறையை இடிக்கும் திட்டத்தை இங்கே அவிழ்க்க வேண்டாம். மிருதங்கம், பியானோ இருந்தால் மறைக்காதீர்கள், வீட்டு விதியில் உள்ள வாசிப்பு நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதற்குள் இருப்போம் என்று சொல்லுங்கள். ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்று கேட்டால், இல்லை என்பதே சரியான பதில். மெயின்டனன்ஸ் ஏறுமா என்று அங்கே கேட்பவர்கள் உண்டு. அதைக் கேட்க வேண்டிய இடம் ஏழாம் படி.

12. குளோசிங்

சம்மதம் வந்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் நடக்கும். விலை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து மொத்தம் மூன்று மாதம் என்று கணக்கிட்டு, தற்போதைய வாடகை ஒப்பந்தத்தில் ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளோ அன்று காலையோ வீட்டைக் கடைசியாகப் பார்க்கும்போது அடுப்பு, ஃபிரிட்ஜ், குழாய், ஜன்னல் எல்லாம் இயக்கிப் பாருங்கள். செலவுகள்: உங்கள் வழக்கறிஞர், வங்கியின் வழக்கறிஞருக்குச் சுமார் 1,000 டாலர், வில்லங்கத் தேடல் சில நூறு, பங்குகள் மேல் வங்கிக்கு உள்ள உரிமையைக் காட்டும் யுசிசி-1 பதிவு, மேனேஜ்மென்ட் கட்டணங்கள், அந்த மாத மெயின்டனன்ஸில் உங்கள் பங்கு, குடிபுகும் வைப்புத்தொகை.

கணவன் மனைவி சேர்ந்து வாங்கினால் பங்குச் சான்றிதழில் ‘டெனன்ட்ஸ் பை த என்டயரிட்டி’ என்று வர வேண்டுமா என்பதை வழக்கறிஞரிடம் பேசுங்கள்; ஒருவர் மறைந்தால் மற்றவருக்கு நேராகப் போவதும், ஒருவருடைய கடன்காரரிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பும் அதைப் பொறுத்தவை.

13. குடிபுகும்போதும் அதன் பிறகும்

சாமான் ஏற்றுகிறவர்களின் காப்பீட்டுச் சான்று கட்டடம் கேட்கும் வாசகத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி வாசலிலேயே நிற்கும். சனி, ஞாயிறு சாமான் ஏற்ற அனுமதி அநேகமாக இல்லை. உங்கள் வீட்டுக்கும் சாமானுக்குமான ஹெச்ஓ-6 காப்பீட்டைக் குளோசிங் அன்றிலிருந்தே தொடங்குங்கள். தரையில் 80 சதவீதம் கம்பளம் விரிக்கும் விதி பெரும்பாலும் உண்டு. கீழ்வீட்டார் புகார் கொடுக்கும் வரை யாரும் கேட்கமாட்டார்கள், கொடுத்தால் உடனே கேட்பார்கள்.

பழுதுபார்ப்பு வேலைக்கு ‘ஆல்டரேஷன் அக்ரிமென்ட்’ வேண்டும். கட்டடத்தின் ஆர்கிடெக்ட் உங்கள் வரைபடத்தைப் பார்ப்பதற்கும் நீங்கள்தான் கட்டணம் கட்டுவீர்கள். அனுமதிக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் சோதித்து ஏசிபி-5 படிவம் வாங்க வேண்டும். கீழ்வீட்டு ஹாலுக்கோ படுக்கையறைக்கோ மேலே சமையலறையையோ குளியலறையையோ நீட்ட விடமாட்டார்கள். வேலை நேரம் வாரநாட்களில் மட்டும். குறித்த நாளுக்குள் முடியாவிட்டால் தினசரி அபராதம். கார்னகி ஹில்லின் கணிசமான பகுதி பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. அங்கே தெரு பார்த்த ஜன்னலை மாற்ற நகரத்தின் லேண்ட்மார்க்ஸ் ஆணைய அனுமதியும் சேர்ந்துகொள்ளும்.

மாநிலத்தின் ‘ஸ்டார்’ வரிச் சலுகைக்கு நீங்களே பதிய வேண்டும். குடும்ப வருமானம் 500,000 டாலருக்குள் இருந்தால் தகுதி உண்டு. வரிக் கணக்கு போடும் காலத்தில் மெயின்டனன்ஸில் எவ்வளவு சொத்து வரி, எவ்வளவு வட்டி என்று கட்டடம் ஒரு கடிதம் அனுப்பும். அதைச் சிபிஏ-யிடம் கொடுங்கள்.

கடன் இருக்கும் வரை பங்குச் சான்றிதழும் குத்தகையும் வங்கியிடம் இருக்கும். ரொக்கத்தில் வாங்கினால் அசல் உங்கள் கைக்கே வரும். வங்கி லாக்கரில் வையுங்கள். தொலைந்தால் விற்கும் நேரத்தில் உறுதிமொழிப் பத்திரம், கட்டணம், தாமதம் எல்லாம் உங்களுக்குத்தான். கடனை அடைத்த பிறகு அசல் காகிதங்களைக் கேட்டு வாங்குவதோடு, முன்பு பதிந்த யுசிசி-1ஐ ரத்து செய்யும் யுசிசி-3 பதிவாகிவிட்டதா என்று ஏக்ரிஸில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.